பிள்ளையார்பாளையம் போனீர்களா?

காஞ்சிபுரம் போய் வந்தேன் என்று சொல்லும் மாணவ நண்பர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு: “பிள்ளையார்பாளையம் போனீர்களா?” பெரும்பாலோர் விழிப்பார்கள். ஏகாம்பரநாதர், காமாட்சி, வரதராசர், காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடை, ஏதோ ஓர் ஓட்டலில் இட்லி. மாலையில் பேருந்து ஏறிவிடுவார்கள். கோபுரத்தையும் கடையையும் மட்டும் கண்டவர் ஊரைக் காணவில்லை என்பது என் கருத்து.

முதலில் வயிற்றுக்கு வருவோம். காஞ்சிபுரம் இட்லி என்று ஓட்டல்களில் தருவது பெரும்பாலும் வழக்கமான மாவில் மிளகையும் சீரகத்தையும் தாளித்துக் கொட்டி, டம்ளரில் ஊற்றி அவித்ததுதான். சின்னக் காஞ்சியில் வரதராசப் பெருமாள் கோயிலின் குடலை இட்லி வேறு சாதி. பச்சரிசியையும் உளுந்தையும் கொரகொரவென்று அரைத்துப் புளிக்கவைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் மணிக்கணக்கில் ஆவியில் வேகவைக்கிறார்கள். நீண்ட உருளையாக வரும் அதைத் துண்டு போட்டுத் தருவார்கள். சுக்கின் காரமும் இலையின் மணமும் இருக்கச் சட்னி எதற்கு? (அங்கும் சாம்பார் தேடும் நண்பர்களுக்கு என் அனுதாபங்கள்!)

இட்லிக்கு நேர்ந்த கதியே சேலைக்கும் நேர்ந்திருக்கிறது. பெயர் எங்கும் விற்கிறது, வேலை குறைகிறது. அந்த வேலையைக் காண, ஊரின் மேற்கே கயிலாசநாதர் கோயிலுக்குப் போகும்போது பிள்ளையார்பாளையத் தெருக்களில் சற்று நடக்க வேண்டும். காலையில் போனால் தெருநீளத்துக்குப் பாவு விரித்திருப்பதைக் காணும் வாய்ப்புண்டு. தறிச் சத்தம் கேட்கும் வீட்டில் பணிவாகக் கேட்டால், “வாங்க தம்பி” என்று உள்ளே அழைப்பார்கள். எனக்குக் கோர்வையை விளக்கியவர் குழித்தறியில் அமர்ந்திருந்த ஒரு பெரியவர். சேலையின் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா, ஆக மூன்று. அதனால்தான் கரையின் நிறம் உடலின் நிறத்தோடு கலக்காமல் நிற்கிறது. ஆனால் நெசவாளர் ஒருவரால் மட்டும் இது ஆகாது. மறுபக்கத்துக் கரைக்குப் பக்கத்தில் இன்னோர் ஆள் வேண்டும்.

அந்த இன்னோர் ஆளின் இடத்தில் ஒரு காலத்தில் அமர்ந்தவர்கள் யார்? சிறுவர் சிறுமியர்! பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பள்ளியை விட்டவர்கள் அவர்களில் பலர். ‘பழைய காஞ்சி போயிற்றே’ என்று புலம்புவோர் இதை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் தறியை விட்டு எழுந்து பள்ளிக்குப் போனதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடமாட்டேன்.

அப்படியானால் அந்த இடத்தில் வளர்ந்த ஒருவர்தான் அமர வேண்டும். அவருக்கு முழுக்கூலி தர வேண்டும். கைத்தறிக்கென்று சில வகைத் துணிகளை ஒதுக்கும் சட்டம் 1985இல் வந்தது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005இல் கிடைத்தது. இரண்டையும் வரவேற்கிறேன். எனினும் அவை கூலியை உயர்த்திவிடவில்லை. விசைத்தறிச் சேலையின் விலையைச் சொல்லிக் கோர்வைச் சேலைக்குப் பேரம் பேசுகிறோமே, அந்தப் பேரத்தில் முதலில் அடிபடுவது துணைக்கு அமர்ந்தவரின் கூலிதான்.

நம் கல்லூரியின் அடுத்த கல்விச் சுற்றுலாவில் காஞ்சிக்கு ஒரு நாள் ஒதுக்கினால், பாதி நாளைப் பிள்ளையார்பாளையத்துக்குக் கொடுக்க வேண்டுகிறேன். ஒரு சேலைக்கு எத்தனை நாள், இருவருக்குமாகக் கையில் வந்தது எவ்வளவு என்று தெருத் தெருவாகக் கேட்டு எழுதும் வேலையைப் பொருளியல் துறை விரிவுரையாளர்கள் எங்களிடம் ஒப்படைக்கலாம். குடலை இட்லிப் பொட்டலத்தை நானே சுமந்து வருகிறேன்.