நடுநிலைக்கு நாற்றம் ஆகாது

ஒத்தக்கடையில் யானைமலையைச் சுற்றி டிரோன் பறக்கவிட ஆள் இருக்கிறது. மதுரைத் தெருவில் மலம் அள்ளும் பெண்ணுக்குப் பின்னால் கேமராவோடு நடந்தவர் அமுதன் ஆர்.பி. 2003இல் வந்த அந்தப் படத்தின் பெயரே ‘பீ’. 2017இல் திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’.

“அருவருப்பா இருக்கு, அழகியல் இல்ல, எதிர்த்தரப்பைக் காணோம்” என்கிறார்கள் ஆவணப்பட ரசிகர்கள். எதிர்த்தரப்பு யார் தோழர், பேண்டுவிட்டுப் போனவரா? 1993, 2013 என இரண்டு சட்டங்கள் வந்தும் அந்த வேலை அதே சாதிகளின் தலையில்தான். சோக இசை போட்டால் அழுதுவிட்டு எழுந்து போய்விடலாம். வெட்டாமல் நீளும் ஷாட்டில் அந்த வசதி கிடையாது. ‘கக்கூஸ்’ திரையிடலைப் போலீஸ் தடுத்தது. படம் யூடியூபில் ஏறியது. சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து பாருங்கள்.