அம்மிச்சிக்குக் கலர் ஏற்றியது யார்?

எங்கள் அம்மிச்சி நல்ல கறுப்பு. பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்து வெயிலில் எழுபது வருஷம் நின்ற கறுப்பு. அவர் இறந்த பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டும் என்று மாமா ஒரு ஸ்டூடியோவுக்குப் போனார். “கலரு கொஞ்சம் தூக்கிக் குடுங்” என்று சொல்லிவிட்டு வந்தார். அவர்களும் தூக்கிக் கொடுத்தார்கள். ஃபிரேமுக்குள் ரோஸ் கன்னத்தோடு யாரோ ஒரு அம்மாள். “மகாலட்சுமியாட்டவே இருக்குதுங்” என்று அத்தை கண் கலங்கினார்.

இந்த மாதிரி விஷயம் வந்தால் உடனே ரவிவர்மாவைக் கூண்டில் ஏற்றுவது நம் வழக்கம். சாமிகளை வெள்ளையாக்கியவர், காலண்டர் ஓவியர், இத்யாதி. நானும் கூட்டங்களில் அப்படிப் பேசியவன்தான். அதில் பாதியை இப்போது வாபஸ் வாங்குகிறேன்.

கிளிமானூரில் 1848-ல் பிறந்த அந்த மனிதருக்குச் சோறு போட்ட தொழில் முகம் வரைவது. பதினாலு வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்குப் போனார். அங்கிருந்த ஓவியர் ராமசாமி நாயக்கர் எண்ணெய் வண்ண வித்தையைச் சொல்லித் தர மறுத்துவிட்டார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1868-ல் வந்த தியடோர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரும் கற்றுக் கொடுக்கவில்லை; வேடிக்கை பார்க்க மட்டும் விட்டார். அந்த வேடிக்கையே போதுமானதாக இருந்தது. 1870-ல் கோழிக்கோட்டு சப்-ஜட்ஜ் ஒருவரின் குடும்பத்தை வரைந்து முதல் கூலி வாங்கினார். 1878-ல் சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவையே வரைந்தார். போர்ட்ரெயிட் தொழிலில் ஏமாற்ற முடியாது. கவர்னர் மூக்கு கவர்னர் மூக்காக இல்லாவிட்டால் காசு வராது.

சந்தேகம் இருந்தால் சத்தியமங்கலம், திம்பம் வழியாக மைசூருக்கு ஒரு பஸ் பிடியுங்கள். ஜகன்மோகன் அரண்மனையில் அவருடைய இசைக் கலைஞர்கள் ஓவியம் இருக்கிறது. பதினொரு பெண்கள். ஒருத்தி மாதிரி இன்னொருத்தி இல்லை. புடவைக் கட்டு வேறு, நகை வேறு, பார்வை வேறு. 1893-ல் சிகாகோ கண்காட்சிக்கு அனுப்பிய பத்துப் படங்களிலும் இந்தியாவின் பல பகுதிப் பெண்கள்தான். அதில் ஒன்று, தெருவில் பாடிப் பிழைக்கும் ஒரு தாயும் அவள் குழந்தைகளும்.

அடுத்த வருஷம் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். கல் அச்சு. ஒரு நிறத்துக்கு ஒரு கல். இங்கேதான் நான் வாபஸ் வாங்காத மீதிப் பாதி இருக்கிறது. அவருடைய லட்சுமி சிவப்புதான். லாபக் கணக்கும் இருந்தது. ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்கள் நுழைய முடிந்தது 1939-ல். அதற்கு நாற்பத்தைந்து வருஷம் முன்பே, காசு கொடுத்தால் யார் வீட்டுச் சுவருக்கும் சாமி வரும் என்று ஆக்கிய தொழில் அது.

அந்த அச்சகமும் அவர் கையில் நிலைக்கவில்லை. நஷ்டம். 1900-களின் தொடக்கத்தில் ஷ்லைஷர் என்ற ஜெர்மன்காரருக்கு விற்றார். 1906-ல் இறந்தும் போனார். அதற்குப் பிறகும் அச்சகம் அவர் பெயரிலேயே ஓடியது. பின்னால் கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் சீடர்களும் வரைந்தார்கள், சிவகாசி அச்சடித்தது. விதவிதமான முகங்களைப் பார்க்கத் தெரிந்த ஓவியரை விட்டுவிட்டு, அந்த ஒரே ஒரு லட்சுமி முகத்தை மட்டும் ஆணியடித்து மாட்டிக்கொண்டது யார்? ரவிவர்மாவா வந்து ஆணி அடித்தார்?

ஆனைமலை மாசாணியம்மனைப் பாருங்கள். மல்லாந்து படுத்த கோலம். எந்தக் காலண்டருக்குள்ளும் நிற்க மாட்டாள். கொங்கு நாட்டில் எத்தனை குலதெய்வங்கள் வெறும் நடுகல்லாக, சூலமாக, சுடுமண்ணாக இருந்தன! கும்பாபிஷேகம் என்ற பெயரில் அவற்றைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ரோஸ் கன்னச் சிலைக்கு எனாமல் பெயிண்ட் அடிக்கிறோமே, அந்த ரசீதில் இருப்பது நன்கொடையாளர்களான நம் பெயர். வெயிலில் உழைத்துச் சொத்துச் சேர்த்தவர்களின் பேரன்மார்கள்தான், பெண் பார்க்கும்போது “பொண்ணு செகப்புங்களா?” என்று முதலில் கேட்கிறோம். இதையும் கிளிமானூர்காரர் தலையில் கட்டுவது சௌகரியம்தான்.

மாமாவின் கல்யாண ஆல்பத்தில் ஒரு போட்டோ இருக்கிறது. பந்தல் ஓரத்தில், பாதி மறைந்து, அம்மிச்சி அவருடைய சொந்த நிறத்தில் நிற்கிறார். கையில் வெற்றிலைத் தட்டு. போன திவசத்துக்கு அதைப் பெரிதாக்கி எடுத்துப் போனேன். “இது எதுக்குங் கண்ணு, அதுதான் நல்ல படமா ஒண்ணு இருக்குதே” என்றார் அத்தை. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துத்தான் படையல் போட்டோம். சின்னக் குழந்தை ஒன்று, இவர் யார், அவர் யார் என்று கேட்டது. யாரும் பதில் சொல்லவில்லை.