அட்வான்ஸ் வரம்பில் உள்ள ஓட்டையை அடைக்க வேண்டும்

சென்னையில் மாதம் 15,000 ரூபாய் வாடகையில் ஒரு வீட்டுக்குக் குடிபோகும் குடும்பம், பத்து மாத அட்வான்ஸ் என்ற பழைய வழக்கப்படி 1,50,000 ரூபாயைப் புரட்டியாக வேண்டும். கையிருப்பு இல்லாதவர்கள் நகையை அடகு வைக்கிறார்கள், அல்லது வட்டிக்கு வாங்குகிறார்கள். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுக்கும் 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவது சட்டவிரோதம் என்கிறது அதன் 11ஆவது பிரிவு. அந்தக் கணக்கில் 45,000 ரூபாயே போதும். ஆனால், இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தால் இந்த வரம்பு பொருந்தாது என்ற விலக்கும் அதே பிரிவில் இருக்கிறது. சட்டம் கொடுத்த பாதுகாப்பை ஒரே கையெழுத்தில் பறித்துவிடும் இந்த விலக்கை நீக்கியே ஆக வேண்டும்.

இருவரும் மனமொத்துச் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் சட்டம் ஏன் தலையிட வேண்டும் என்று கேட்கலாம். பிள்ளையின் பள்ளிக்கும் வேலை இடத்துக்கும் பக்கத்தில் வீடு தேடி அலைபவரிடம், புரோக்கர் முதலிலேயே அட்வான்ஸ் தொகையைச் சொல்லிவிடுகிறார். வேண்டாமென்றால் அடுத்த ஆள் தயார். பேரம் பேசவே இடமில்லாத ஒருவரின் கையெழுத்தை முழுச் சம்மதம் என்று கொள்வது நியாயமல்ல. மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டமோ குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகையையே உச்சவரம்பாக வைக்கிறது.

உரிமையாளர்களின் அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. வாடகை பாக்கி விழுந்தால், காலி செய்ய மறுத்தால் என்ன செய்வது? அதற்குச் சட்டத்திலேயே வழியிருக்கிறது. இரண்டு மாத வாடகை பாக்கியை, நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதத்துக்குள் கட்டாதவரை வெளியேற்ற வாடகை நீதிமன்றத்தை நாடலாம். அங்கே வழக்குகள் விரைந்து முடிந்தால், பெரிய தொகையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தேவையே உரிமையாளருக்கு இராது. நீதிமன்றத் தாமதத்துக்கான விலையை வாடகைதாரர் தலையில் கட்டுவது சரியல்ல.

காலி செய்யும்போதுதான் அட்வான்ஸ் சண்டை முற்றுகிறது. பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைக் கழிப்பது பல இடங்களில் எழுதாத விதி. சட்டத்தின் இரண்டாம் அட்டவணையோ, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு, ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுவதையும் உரிமையாளரின் பொறுப்பில் வைக்கிறது. குழாய் வாஷர் மாற்றுவது, சுவிட்ச் பழுதுபார்ப்பது போன்றவை வாடகைதாரருடையவை. நியாயமான பிடித்தம் போக மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். அடுத்த ஆள் அட்வான்ஸ் கொடுத்ததும் தருகிறேன் என்று இழுத்தடிக்கச் சட்டத்தில் இடமில்லை.

இந்த உரிமைகளைக் கேட்டுப் பெற, ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்க வேண்டும். பதினொரு மாதத்துக்கு எழுதினால் பதிவே வேண்டாம் என்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தை ஒட்டி வந்த நம்பிக்கை. 2017 சட்டத்தில் அது செல்லாது. குடிபோகும் முன்பே அட்வான்ஸ் தொகை, பெயின்ட் செலவு, திருப்பித் தரும் கெடு மூன்றையும் எழுதிப் பதிவு செய்துகொள்வது இரு தரப்புக்கும் நல்லது. மூன்று மாத வரம்பை விலக்கில்லாத விதியாக்கும் பொறுப்பு சட்டப்பேரவையுடையது.