வாழ்த்துடன் இரண்டு வரி எழுதுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர், இசைக் கலைஞர்களின் பிறந்த நாள் படங்களை வந்தபடியே நண்பர்களுக்குத் தள்ளிவிடுகிறார்கள். பிறகு தேதிச் சண்டை. இளையராஜா பிறந்தது 1943 ஜூன் 3. அன்று கருணாநிதிக்கும் பிறந்த நாள் என்பதால், தன் பிறந்த நாளை ஜூன் 2-ல் கொண்டாடுகிறார். ஆக, இரண்டு தேதிக்காரர்களும் பொய் சொல்லவில்லை. கொஞ்சம் தேடிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

படத்தைவிட, பிடித்த பாட்டும் அதற்கான காரணமும்தான் நட்பை வளர்க்கும் என்பது என் கருத்து. எங்கள் அருப்புக்கோட்டைக்கு அருகில் உள்ள திருச்சுழி, 1879-ல் ரமண மகரிஷி பிறந்த ஊர். அவரைப் போற்றி இளையராஜா இசையமைத்த 'ரமண மாலை'யை இந்தக் குறிப்போடு அனுப்புவேன். வெளியூர் நண்பர்கள் உடனே ஊரைப் பற்றி விசாரிப்பார்கள்.

பாட்டு ஃபைலை அனுப்ப வேண்டாம், லிங்க் போதும். இரண்டு வரியைத் தமிழிலேயே டைப் செய்யுங்கள்.