மழலையொடு வெளியே புறப்படுக!

தமிழ்க் குழந்தை தன் முதற் சொல்லை எங்கே கற்கின்றது? பள்ளியிலன்று, தாயின் மடியிலும் தந்தையின் தோளிலுமே கற்கின்றது. அம் மடியும் தோளும் வீட்டுச் சுவர்களுக்குள்ளேயே அடைபட்டுக் கிடப்பின், குழந்தைக்குக் கிடைக்கும் சொற்களும் சுவரளவினவே ஆகும். விடுமுறை வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகரத்துக் கண்ணாடிக் கடைக்கூடங்களுக்கு ஓடுகின்றோம். அங்கே குளிர்காற்று உண்டு. கண்கூசும் விளக்கு உண்டு. வாங்கு வாங்கென்னும் கூச்சல் உண்டு. குழந்தை தொட்டு அளைய ஒரு பிடி மண் உண்டா?

“கைக்குழந்தைக்கு என்ன தெரியும்? வளர்ந்தபின் காட்டலாம்” என்பர் சிலர். நம் முன்னோர் அவ்வாறு எண்ணினாரல்லர். பிள்ளைத்தமிழின் பருவங்களை எண்ணிப் பாருங்கள். காப்பு, செங்கீரை, தால் எனத் தொட்டிலருகே தொடங்கும் அவ் இலக்கியம், சப்பாணி, முத்தம், வருகை எனக் குழந்தையின் வளர்ச்சியைத் தொடர்ந்து, அம்புலிப் பருவத்தில் நிலவையே விளையாட அழைக்கின்றது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் ஈற்றில் வரும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் மூன்றும் மணலிலும் தெருவிலும் நிகழும் ஆட்டங்கள். மதுரை மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரர் பிறந்த திருவைகுண்டம் இத் தூத்துக்குடி மாவட்டத்ததே. எனவே, வெளியுலகு காட்டுதல் குழந்தை வளர்ப்பின் ஒரு கூறு என்பதை நாம் பிறரிடம் கேட்டறிய வேண்டுவதில்லை.

கயத்தாற்றையே எடுத்துக்கொள்வோம். 1799 அக்தோபர் 16-இல் வீரபாண்டியக் கட்டபொம்மன் வெள்ளையரால் தூக்கிலிடப்பட்ட மண் இது. நடிகர் சிவாசி கணேசன் நிலம் வாங்கி 1970-இல் நிறுவிய சிலை இங்குள்ளது. தூக்குக் கயிற்றின் கதையை ஈராண்டுக் குழந்தைக்குச் சொல்ல வேண்டா. “இவர் எவர்க்கும் அஞ்சாதவர்” என்னும் ஒரு வரி போதும். எஞ்சியதை அது வளர்ந்து கேட்கும். ஊரைச் சூழ்ந்து சுழலும் காற்றாலைகளே மழலையின் கண்ணுக்கு முதல் வியப்பு. “காற்று சுற்றுகிறது பார்” என்று கைந்நீட்டிக் காட்டுங்கள். காற்று, சுற்று என்னும் இரு சொற்கள் அன்றே அதன் உடைமையாகும்.

எட்டும் தொலைவிற் கழுகுமலை உள்ளது. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கி, முற்றுப்பெறாது நின்ற வெட்டுவான் கோயிலை ஆங்குக் காணலாம். வல்லநாட்டில் வெளிமான்களின் காப்பகம் உண்டு. தூத்துக்குடிக் கடற்கரையில் அலையும் சிப்பியும் நண்டும் உண்டு.

ஆயினும் ஒரே நாளில் அனைத்தையும் காட்ட முனைவது பெற்றோரின் ஆசையேயன்றிக் குழந்தையின் ஆசையன்று. ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும். கரிசற்காட்டு வெயில் கடுமையானது. விடியலிற் புறப்பட்டு வெயில் ஏறுமுன் திரும்புக. பாறை சுடுமாதலின் இளங்கால்களை வெறுமனே விடாதீர். காய்ச்சி ஆறிய நீரும், துவைத்த பருத்தித் துணியும், தூளி கட்ட ஒரு பழஞ்சேலையும் உடன் இருக்கட்டும். குழந்தை எறும்பு வரிசையருகே குந்திவிட்டால் இழுத்துச் செல்லாதீர். அதற்கு அவ் எறும்பே கோட்டை.

அரசுக்கும் ஒரு சொல். 2015 முதல் பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. நல்ல செயல்; பாராட்டுவோம். அவ் ஏற்பாடு நினைவகங்களுக்கும் பூங்காக்களுக்கும் கடற்கரைகளுக்கும் ஏன் முழுமையாகச் செல்லலாகாது? நிழலும் குடிநீரும் பாலூட்ட மறைவிடமும் இல்லாத இடத்துக்கு எந்தத் தாய் குழந்தையொடு வருவாள்? மறவனுக்குக் கல் எழுப்பும் நாடு, நாளைய மறவனை ஏந்தி வருபவளுக்கு ஓர் இருக்கை இடுவது பெருஞ்செலவன்று.

பெற்றோரே! வெளியே சென்றும் “மம்மி, டாடி” என்றும் “பட்டர்பிளை” என்றும் பழக்குவீராயின் சென்ற பயன் பாதியே. வண்ணத்துப்பூச்சியும் தும்பியும் தட்டானும் பறக்கும் வெளியில் அவற்றின் பெயரையும் பறக்க விடுங்கள். கண்டதும் கேட்டதும் ஒன்றுபடும்போது சொல் நெஞ்சில் வேர்கொள்ளும். அவ் வேரைப் பின்னர் எப் பள்ளியும் பிடுங்கவியலாது. வரும் ஞாயிறன்றே மழலையைத் தோளில் ஏற்றுங்கள், புறப்படுங்கள்!