முதியவர் தட்டில் மீன் எங்கே?

முப்பது ஆண்டு கத்தியும் வாளியுமாய்ப் பால்மரக் காட்டில் நடந்த கால்கள், வேலையை விட்ட ஓரிரு ஆண்டில் வீட்டுப் படியேறத் தள்ளாடுகின்றன. "வயசாச்சு, இனி அப்படித்தான்" என்று வீட்டார் சொல்லிவிடுகின்றனர். வயது ஒரு காரணம்தான், மறுப்பதற்கில்லை. முப்பதைக் கடந்தபின் பத்தாண்டுக்கு நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு வரை தசை குறைகிறது. அறுபதுக்கு மேல் தேய்வு இன்னும் விரைவு. ஆனால் மீதிக் காரணம் அடுப்படியில் இருக்கிறது.

நம் வீடுகளில் நடப்பது யாவரும் அறிந்ததே. மீன் துண்டு பேரனுக்கு, முட்டை வேலைக்குப் போகும் மகனுக்கு. பாட்டிக்குச் சோறும் குழம்பும். கேட்டால், "எனக்கு எதுக்குப்பா இனிமே?" என்பார். இந்தத் தியாகத்தைப் புகழ நமக்கு மனமில்லை. இளைஞர் உடலைப்போல் முதிய உடல் உண்ட புரதத்தை எளிதில் தசையாக்கிக்கொள்வதில்லை. ஆகவே அதற்குக் கூடுதலாகவே வேண்டும். எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்பது பொதுக் கணக்கு. 65 வயதைக் கடந்தோர்க்கு 1 முதல் 1.2 கிராம் தேவையென 2013இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று பரிந்துரைத்தது. 50 கிலோ எடையுள்ள பாட்டிக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம் என்று ஆகிறது.

இரண்டு தட்டுச் சோற்றில் 10 கிராம் தேறினால் பெரிது. முட்டை ஒன்றில் 6; கெம்போங் மீன் சதை 100 கிராமில் ஏறக்குறைய 20; 50 கிராம் பருப்பில் 11. மீன் விலையைக் கண்டு மலைப்பவர்க்குத் தெம்பே இருக்கிறது. 100 கிராமில் 19 அளவுக்கு உண்டு. காலையில் வெறுங்கோப்பியும் பிஸ்கட்டும், இரவில் மட்டும் கறி என்றிராமல் மூன்று வேளைக்கும் பிரித்து உண்பது நலம்.

2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நல்ல உடல்நிலையிலிருந்த 12 முதியவர்கள் பத்து நாள் படுக்கையிலேயே இருந்தனர். அந்தப் பொதுக் கணக்குப்படி புரதம் உண்டும், கால்களில் சுமார் ஒரு கிலோ தசையை இழந்தனர். காய்ச்சலென்று படுத்த தாத்தா எழுந்து நடக்க முடியாமற்போவது இதனால்தான்.

உணவு மட்டும் போதாது. 1994இல் போஸ்டன் முதியோர் இல்லத்தில், சராசரி வயது 87 ஆன 100 பேரிடம் சோதித்தனர். கால்களுக்குப் பளுப் பயிற்சி செய்தவர்க்கே வலு கூடியது. சத்துப்பானம் மட்டும் குடித்தவர்க்குக் கூடவில்லை. கைபிடிக்காமல் நாற்காலியிலிருந்து பத்துமுறை எழுந்து உட்காருவதே நல்ல தொடக்கம். கிராணிமார் சிரிக்க வேண்டாம். உட்கார்ந்தே நாளைக் கழித்த கால்களுக்கு இது இன்னும் அவசரம்.

நீரிழிவால் சிறுநீரகம் பழுதானவர்கள் நம்மிடையே பலர். அவர்களுக்கு அளவு வேறு. கிளினிக்கில் கேட்ட பிறகே கூட்ட வேண்டும்.