குதிரைச் சக்தியும் கொள்வோர் காப்பும்

டிராக்டரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதனைச் செய்தோரின் புகழையே பாடுகின்றனர். 1892-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜான் ஃபிரோலிக் பெட்ரோலால் இயங்கும் டிராக்டரை உருவாக்கியதும், 1917-ல் ஹென்றி ஃபோர்டின் 'ஃபோர்டுசன்' பெருவாரியாக வெளிவரத் தொடங்கியதும் போற்றத்தக்கனவே. ஆயினும், விலை கொடுத்து வாங்கிய உழவனைக் காத்தது ஒரு சட்டமேயாகும்.

முதல் உலகப்போர்க் காலத்தில் அந்நாட்டில் டிராக்டர்க் கம்பெனிகள் மழைக்காலக் காளான்களெனப் பெருகின. மினியாபொலிஸ் நகரக் கம்பெனியொன்று, ஹென்றி ஃபோர்டுடன் எவ்விதத் தொடர்பும் இன்றியே, 'ஃபோர்டு' என்னும் பெயரில் டிராக்டர் விற்றது. அதனை வாங்கி அல்லலுற்றோருள் நெப்ராஸ்கா மாநிலத்து உழவர் வில்மட் குரோசியரும் ஒருவர். பின்னர் அவர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரானார். 1919-ல் டிராக்டர்ச் சோதனைச் சட்டம் நிறைவேறக் காரணமாக இருந்தார்.

அச்சட்டத்தின்படி, விற்பனைக்கு வரும் ஒவ்வொரு மாதிரியையும் மாநிலப் பல்கலைக்கழகப் பொறியியலார் சோதித்தல் வேண்டியிருந்தது. இழுவைத் திறன், எரிபொருட் செலவு ஆகியவற்றை மக்கள் அறிய வெளியிடுதல் வேண்டியிருந்தது. உதிரிப் பாகங்களைக் கம்பெனி மாநிலத்திற்குள்ளேயே இருப்பில் வைத்தலும் வேண்டியிருந்தது. 1920-ல் 'வாட்டர்லூ பாய்' டிராக்டர் முதற் சோதனையில் தேறியது.

சந்தைப் போட்டியே நாளடைவில் தரமற்ற பொருளை ஒழித்துவிடும் என்பர் சிலர். ஒழிக்கலாம், ஆனால் அதற்குள் எத்தனை குடும்பங்களின் பருவம் தப்பியிருக்கும்! ஆண்டுதோறும் டிராக்டர் மாற்றும் வசதி உழவனுக்கு இல்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை வாங்குபவன் பட்டறிந்து தெளிவதற்குள் கடன் வட்டி ஏறிவிடும்.

நம் நாட்டிலும் மத்தியப் பிரதேசத்துப் புத்னியில் 1955-ல் தோன்றிய மத்திய அரசு நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. எனினும், யான் பார்வையிடும் சங்கங்களில் கடன் மனுவுடன் விலைப்பட்டியலைக் காண்கிறேன். சோதனை அறிக்கையைக் காண்பதரிது. நெசவாளர் சங்கத்தார் நூலின் நம்பரையும் சிட்டத்தின் எடையையும் பாராமல் பணம் கொடுப்பதில்லை. சில இலட்சம் ரூபாய் விலையுள்ள இயந்திரத்துக்கு அத்துணை எச்சரிக்கையேனும் வேண்டாவா?

ஆதலின், டிராக்டர்க் கடன் வழங்கும் சங்கங்களின் நிர்வாகக் குழுவினர் இரண்டு வினாக்களைக் கட்டாயமாகக் கேட்டல் வேண்டும்: சோதனை அறிக்கை எங்கே? உதிரிப் பாகம் எவ்வூரில் கிடைக்கும்? இவற்றுக்கு விடை கிடைத்த பின்னரே தீர்மானத்தில் கையொப்பமிடுதல் முறையாகும்.